கரைக்கு ஒரு பிரஷர் மெஷின் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுத்துப் பிழைப்பவள் நான். வயது 51. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்கி மரிக்கொழுந்து என்ற பாசியைப் பறிப்பதுதான் 14 வயதிலிருந்து வேலை.

47 வயதில் தீட்டு நின்றது. இனித் துணித் தொல்லை இல்லாமல் தண்ணீரில் இறங்கலாம் என்று சந்தோஷப்பட்டேன். ராத்திரியில் உடம்பு திகுதிகுவென்று எரிந்து வேர்த்துக் கொட்டும். எல்லோருக்கும் வருவதுதானே, சரி என்று விட்டுவிட்டேன். போன வருடம் தண்ணீருக்குள் மூச்சை அடக்க முடியவில்லை. ஒரு முழுக்கில் இரண்டு கைப்பிடி பறிக்கிறவள், ஒன்றோடு மேலே வந்தேன். தோளும் தாடையும் வலித்தன. ஈரச் சாக்கு சுமந்த வலி என்று தைலம் தேய்த்தேன். ஓரிடத்தில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள், பிரஷர் பார்க்கவே இல்லை. மகள் வேறு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். 180/110 காட்டியது.

அந்த டாக்டரம்மாதான் புரிய வைத்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு இருக்கும்வரை ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை நன்றாக விடுமாம். அதுதான் குழாயைத் தளர்த்துகிறது. தீட்டு நின்றதும் சுரப்பு குறைகிறது, வெயிலில் கிடந்த ரப்பர் டியூப் மாதிரி குழாய் விறைக்கிறது, கெட்ட கொழுப்பும் ஏறுகிறது. பிரஷர் ஏறுவதும் மாரடைப்பு பயமும் அதற்கு அப்புறம்தான் கூடுகிறதாம். பெண்களுக்கு நெஞ்சு வலிக்காமல் தாடை, முதுகு, மூச்சு என்றும் காட்டுமாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்றார். கஞ்சிக்குக் கருவாடு இல்லாத நாள் எங்களுக்கு ஏது? இப்போது நான் வாரம் ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டேன்.

இதை முப்பது வருடமாக யாரும் எங்களிடம் சொல்லவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். பிள்ளை பெறும்வரை எங்களை விசாரிக்கிறார்கள், அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கும் அரசுத் திட்டம் 2021-லிருந்து இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி விடிவதற்கு முன்பே நாங்கள் கடலுக்குப் போய்விடுவோம். அந்த நாட்களில் பாசி நிறுக்கும் இடத்துக்கே மெஷினோடு வரச் சொல்லுங்கள். சாக்கை இறக்கியதும் பார்க்காமல், பத்து நிமிடம் உட்கார வைத்துப் பார்க்கட்டும்.

போன வாரம் மகளின் மெஷினைக் கரைக்குக் கொண்டு போனேன். தீட்டு நின்ற ஐந்து பேரில் மூன்று பேருக்கு 140-க்கு மேல். அதில் ஒருத்தி கேட்டாள், "இது எப்ப இருந்துக்கா இருக்கு?"

இப்படிக்கு,
பாசி எடுக்கும் ஒரு பெண்,
பாம்பன்.