பழைய எக்ஸோம் தரவை மறுபடி திறந்து பாருங்கள்

மரபணுப் பரிசோதனைக் கூடங்களை நடத்துவோருக்கு,

வணக்கம். தலை சிறுத்து, சிறுமூளை வளராமல் பிறந்த குழந்தைகளின் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. அவர்கள் கொண்டுவரும் பிளாஸ்டிக் ஃபைலில் எம்ஆர்ஐ படம், வலிப்பு மருந்துச் சீட்டுகள், அடியில் உங்கள் எக்ஸோம் ரிப்போர்ட், அதாவது மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளைப் படித்துப் பார்த்த முடிவு. ‘காரணமான மாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை’ என்றிருக்கும். வீட்டில் அதை ‘ஜீன்ல ஒண்ணும் இல்லையாம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது தேதியை. 2021க்கு முந்தையது என்றால் அந்த வரியை நம்புவதில்லை. பிபிஐஎல்1 (PPIL1) என்ற மரபணு இந்த நோய்க்குக் காரணமாகலாம் என்று அதுவரை அறியப்படவில்லை. 6ஆம் குரோமோசோமில் இருக்கும் சின்ன மரபணு. அதன் புரதத்தில் 166 அமினோ அமிலங்கள்தான். மற்ற புரதங்கள் மடியும்போது புரோலின் என்ற அமினோ அமிலம் வரும் இடத்தில் திருப்பிவிடுகிற நொதி அது. மரபணுவின் நகலான ஆர்என்ஏவிலிருந்து இன்ட்ரான்கள் என்ற தேவையில்லாத இடைத்துண்டுகளை வெட்டியெடுத்து மீதியை ஒட்டும் ஸ்ப்ளைசோசோம் என்ற கூட்டமைப்பிலும் அது ஓர் உறுப்பு. 2021இல் 9 குடும்பங்களைச் சேர்ந்த 17 பேரிடம் இந்த மரபணுவில் பழுது இருப்பதை ஓர் ஆய்வு காட்டியது. மூளைத்தண்டின் பகுதியான பான்ஸும் சிறுமூளையும் சுருங்கி, தலையும் சிறுத்த அதே நோய். கூட்டாளிப் புரதமான பிஆர்பி17இன் மரபணுவும் சிக்கியது. ஜி, சி என்ற மரபணு எழுத்துகள் மிகுந்த குட்டை இன்ட்ரான்கள்தான் பெரும்பாலும் சரியாக வெட்டப்படாமல் போகின்றன. இதில் வேடிக்கை, பேர் வாங்கிய அந்த நொதி வேலை இங்கே அவ்வளவு முக்கியமில்லையாம்! ஆகவே நொதி வேலை நடக்கும் வினையிடத்துக்கு வெளியே இருக்கிறது என்பதற்காக ஒரு மாற்றத்தை ஒதுக்கிவிடாதீர்கள். முடிந்தால் ஆர்என்ஏவையும் சோதியுங்கள்.

புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்லவில்லை. தரவு உங்கள் சர்வரிலேயே கிடக்கிறது. பெற்றோர் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தால் நடக்காது. பட்டியலில் ஒரு மரபணு கூடியது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சிகிச்சையில்லாத நோய்க்குப் பேர் எதற்கு என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். சரி, அடுத்த பிள்ளை? அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நம் ஊரில் சகஜம். பழுதான ஒரு பிரதி அப்பாவிடமும் ஒன்று அம்மாவிடமும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எந்த மாற்றம் என்று தெரிந்தால் 11ஆவது வாரத்தையொட்டி நச்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். தெரியாவிட்டால் ஸ்கேனில் தெரியும்வரை பயந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

2021க்கு முன் கைவிரித்த ரிப்போர்ட்டுகளை, கட்டணம் கேட்காமல், மறுபடி அலசுங்கள். திருத்திய ரிப்போர்ட்டை மருத்துவருக்கும் பெற்றோருக்கும் அனுப்புங்கள், முதல் பக்கம் தமிழில். எப்போது தொடங்குகிறீர்கள் என்று வெளிப்படையாக அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மரபியல் ஆலோசகர்