கழற்றி வைக்க அது என்ன செருப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் மருத்துவ மாணவர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை தங்கள் பத்திரிகை மீதுள்ள மரியாதைக்கு. இரண்டாவது தடவை, ஒரு வசனம் தொண்டையில் முள்ளாய் நின்றதால். "உணர்ச்சியை வெளியே கழற்றி வைத்துவிட்டு வார்ட்டுக்குள் போகப் பழகும்போதுதான் ஒரு மாணவன் வைத்தியன் ஆகிறான்" என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல எவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டார்! கும்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது செருப்பு அங்கே இருக்காது என்பது கொழும்பில் யாருக்குத் தெரியாது?

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. எழுபதுகளில், பல்கலைக்கழகம் புகத் தமிழ்மொழி மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தலோடு அந்த ஆசை முடிந்தது. அந்தக் கதையைத் தங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்புறம் முப்பத்தொரு வருடம் உயர்தரத்துக்கு விலங்கியல் படிப்பித்தேன். பொறாமையில் எழுதுகிறாள் என்று யாராவது சொன்னால், கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இப்போது எழுதுவது என் கணவர் கிடந்த கட்டிலுக்காக.

கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலை. பெயர் வேண்டாம். காலையில் மாணவர்கள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்தி, மூச்சை இழுக்கச் சொல்லி, ஈரலைத் தேடினார்கள். பதினொரு பேர். தன் பெயர் என்ன என்று சொன்னவர் ஒருவருமில்லை. நோகுதா என்று கேட்டவரும் இல்லை. போகும்போது ஒரு பெடியன் வாசலில் நின்ற கூட்டாளிகளிடம், பதினேழாம் கட்டிலில் "குட் லிவர்" இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றானாம்.

அவர்களுடைய பாஷையில் நல்ல லிவர் என்றால் நன்றாக வீங்கிய லிவர். கைக்கு உடனே அகப்படும், பரீட்சைக்கு உதவும். இதயத்தில் ஓட்டை இருந்தால் அதன் இரைச்சல் நல்ல மர்மர். என் கணவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பன்னிரண்டு மணிக்குச் சோற்றுப் பார்சலோடு நான் போனபோது எழும்பி உட்கார்ந்திருந்தார். "லிவர் நல்லாயிருக்காம், பிள்ளைகள் கதைச்சதைக் கேட்டனான்" என்றார். விலங்கியல் ரீச்சர் அதற்கு என்ன சொல்வது? "ஓம், நல்லம்" என்றேன். அதற்குப் பிறகு பத்து வாரம் இருந்தார். அந்தப் பத்து வாரமும் வருத்தம் ஈரலைத் தவிர வேறெங்கோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பதினொரு பேரில் ஒரு பிள்ளை அன்று பின்னேரம் தனியாகத் திரும்பி வந்தாள். பெயரைச் சொன்னாள். சிங்களப் பிள்ளை. "காலையில் நொந்ததா அங்கிள்?" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள். இவருடைய சிங்களம் அவளுடைய தமிழைவிட எவ்வளவோ திறம். இருந்தும் அவள் முகத்துக்காகத் தமிழிலேயே பதில் சொன்னார். மூன்றாம் வருடமாம், வார்ட்டுக்கு வரத் தொடங்கி இரண்டு கிழமையாம். அடுத்த கிழமை பெரிய டொக்டருக்குப் பின்னால் கூட்டத்தோடு வந்து எங்கள் கட்டிலடியில் நின்றாள். பெரிய டொக்டர் கட்டிலின் நோய்க் குறிப்புத் துண்டைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. இதைத்தான் கட்டுரையாளர் "வைத்தியன் ஆவது" என்கிறார் போலும்.

பிலடெல்பியாவில் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களின் பரிவை வருடத்துக்கு வருடம் அளந்து 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் இரண்டு வருடம் பெரிதாகக் குறையவில்லை. மூன்றாம் வருடத்தில்தான் விழுந்தது. நோயாளியைக் கண்ணால் காணத் தொடங்கும் அதே வருடம்! புத்தகத்தோடு இருக்கும்வரை பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். கட்டுரையாளருக்கு இது கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

பிழை முழுவதையும் பேராசிரியர்கள் தலையில் கட்டவும் மனம் வரவில்லை. ஆய்வுகூடத்தில் தவளையை வெட்டப் பயந்து அழுத பிள்ளையிடம் "பாவம் பார்த்தால் மருத்துவபீடம் போகமாட்டாய்" என்று சொன்னவள் நான். அவள் போனாள். இப்போது அவுஸ்திரேலியாவில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எதிர்க் கட்டிலில் மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து வந்த முதியவர், தமிழ் மட்டும்தான் தெரியும். மலம் போகிறதா, இரத்தம் போகிறதா என்ற கேள்வியை மாணவன் சிங்களத்தில் கேட்க, தரை துடைக்க வந்தவர் அதைத் தமிழில் வார்ட் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டுச் சொன்னார். மனிதர் வெட்கத்தில் ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987இல். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கு முன்பே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்கர் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். கடல் கடந்து வந்தவருக்கு முடிந்தது. நமக்கு "எங்கே நோகுது?" என்ற இரண்டு சொல்லுக்குத் தரை துடைப்பவர் வேண்டியிருக்கிறது.

சரி, தங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். கட்டுரையோடு வந்த படத்தில் எட்டு மாணவர்களுக்கும் இடமிருந்து வலமாகப் பெயர் போட்டிருக்கிறீர்கள். நடுவில் சட்டையில்லாமல் படுத்திருப்பவருக்குப் பெயர் போடவில்லை. அது நல்லதுதான். ஆனால் முகம் அப்படியே தெரிகிறது. அவரிடம் ஒரு சொல் கேட்டீர்களா? இனிமேல் இப்படியான படங்களில் நோயாளியின் முகத்தை மறைத்துப் போடுங்கள். இணையப் பதிப்பிலும் அதே படம் இருக்கிறது என்று மகன் சொல்கிறான். அதை இந்தக் கிழமைக்குள் எடுத்துவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.