காமரோ திரும்பி வந்தால் முதலில் எதைக் கேட்பது?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செவ்ரோலெட்டின் காமரோ ஸ்போர்ட்ஸ் காரை மறுபடியும் கொண்டுவந்தால் என்னென்ன வேண்டும் என்று நீ போட்ட பட்டியலை இரண்டு தடவை படித்தேன். 2024 மாடலோடு ஆறாம் தலைமுறை நின்றுபோனதில் உனக்கு இருக்கும் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பட்டியலின் வரிசை சரியில்லை. பெயிண்ட் கோடு, ஸ்பாய்லர், எக்ஸாஸ்ட் சத்தம் எல்லாம் மேலே உட்கார்ந்திருக்க, இன்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குத் திருப்பிவிடும் கிரவுன் பினியன் பல்சக்கரம் கடைசி வரியில் கிடக்கிறது. எக்ஸாஸ்டை ஒரு மதியத்தில் கழற்றி மாட்டிவிடலாம். பிறகு மாற்றவே முடியாததையும், மாற்றப்போனால் கையைக் கடிப்பதையும்தான் கம்பெனியிடம் முதலில் கேட்க வேண்டும்.

கிரவுன் பினியனையே எடுத்துக்கொள். வி8 இன்ஜின் வைத்த 2010 எஸ்எஸ் வகையின் மேனுவலில் அதன் விகிதம் 3.45, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் 3.45 சுற்று சுற்றும். 2013-ல் எஸ்எஸ்-க்கு வந்த 1எல்இ என்ற பந்தயத் தொகுப்பில் 3.91. விகிதம் கூடினால் பெட்ரோல் குடிக்கும், நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்தும் என்று பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார். 275/40 ஆர்20 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.29 மீட்டர். 110 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும். ஆறாவது கியர் 0.57 என்றால் இன்ஜின் 3.45-இல் சுமார் 1,580 சுற்று, 3.91-இல் சுமார் 1,790. வித்தியாசம் வெறும் 210. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 13 சதவீதம் கூடுகிறது. இதையே வெளியில் செய்யப்போனால் பினியன் ஆழத்துக்கு ஷிம் என்ற மெல்லிய தகடு வைக்க வேண்டும், பேரிங் இறுக்கம் பார்க்க வேண்டும், பல்லிடைவெளி பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். பல்லில் மை தடவிச் சுற்றிப் பார்க்கும்போது தடம் ஓரத்துக்குப் போனால் மறுபடியும் கழற்று. இதில் அவசரப்பட்டால் 80 கி.மீ.யிலேயே ஊளைச் சத்தம் ஆரம்பித்துவிடும், பிறகு போகவே போகாது. ஆகவே 1969-ல் இருந்த மாதிரி ஆர்டர் படிவத்திலேயே மூன்று நான்கு விகிதங்கள் இருக்கட்டும்.

அடுத்தது, ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்களுக்காகக் கேட்க வேண்டியது. ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்-இல் மேனுவலுக்கு 426 குதிரைசக்தி எல்எஸ்3 இன்ஜின், ஆட்டோமேட்டிக்குக் 400 குதிரைசக்தி எல்99 இன்ஜின். குறைந்த 26-ஐப் பற்றி நான் கவலைப்படவில்லை. எல்99-இல் மெதுவாக ஓட்டும்போது 1, 4, 6, 7 என்ற நான்கு சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. கேம்ஷாஃப்டின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் லிஃப்டர் அந்த நான்குக்கும் தனி வகை. ஆயில் அழுத்தம் கொடுத்தால் உள்ளே இருக்கும் பின் விலகி லிஃப்டர் மடங்கும், வால்வு திறக்காது. ஆயில் அழுக்கானாலோ அழுத்தம் குறைந்தாலோ பின் சரியாகப் பூட்டாது. முதலில் டேப்பெட் அடிப்பது போல டிக் டிக் என்று கேட்கும். அப்படியே ஓட்டினால் லிஃப்டரின் உருளை தேய்ந்து கேம்ஷாஃப்டின் முகட்டையும் அரித்துவிடும்.

அதைச் சரிசெய்வது சின்ன வேலை இல்லை. இந்த இன்ஜினில் லிஃப்டர்கள் நான்கு நான்காக ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குள் நிற்கின்றன. ஹெட்டைத் தூக்காமல் வெளியே வராது. 16 லிஃப்டர், நான்கு தட்டு, கேம்ஷாஃப்ட், லிஃப்டர்களுக்கு மேலே இருக்கும் மூடி, இரண்டு ஹெட் கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். ஹெட் போல்ட்டும் இறுக்கும்போதே நீண்டுகொடுக்கும் வகை, பழையதை மறுபடி போடக் கூடாது. கடைசியில் கம்ப்யூட்டரில் அந்த வசதியை அணைத்து நிரலையும் மாற்ற வேண்டும். தொழிற்சாலையில் சாதாரண லிஃப்டரும் அதற்கேற்ற கேமும் போட்டு அனுப்பினால் இத்தனையும் மிச்சம். மைலேஜ் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்பவருக்கு அந்தத் தேர்வைக் கொடுக்கலாமே.

எடையைப் பற்றி நீ எழுதியது முழுக்க நியாயம். 2010 எஸ்எஸ் 1,750 கிலோ. குறைக்க முடியாது என்று யாராவது சொன்னால் பந்தயத் தடத்துக்காகச் செய்த 2014 இசட்/28 காமரோவைக் காட்டு. பின் கண்ணாடியை 3.5 மில்லிமீட்டரிலிருந்து 3.2 ஆக்கினார்கள். ஒலித்தடுப்பை உரித்தார்கள். ஏசி கேட்டால்தான் கிடைக்கும். ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, அதுவும் சீட் பெல்ட் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்பதற்காக. குறை என்னவென்றால், இதோடு 7 லிட்டர் எல்எஸ்7 இன்ஜின், கார்பன் செராமிக் பிரேக், ரேஸ் ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்ந்து விலை 75,000 டாலருக்குப் போய்விட்டது. அந்த மெல்லிய கண்ணாடியையும் குறைந்த ஒலித்தடுப்பையும் சாதாரண எஸ்எஸ்-இல் கேட்டு வாங்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அந்த விஷயத்தில் 1எல்இ எனக்கு மிகவும் பிடித்தது. 3,500 டாலருக்கு 3.91 விகிதம், முன்னும் பின்னும் 285/35 ஆர்20 டயர், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் பருமனான ஸ்டெபிலைசர் கம்பிகள் கிடைத்தன. இவை எல்லார் கண்ணிலும் படும். கண்ணில் படாத ஒன்றுதான் விசேஷம்: இசட்எல்1 என்ற இன்னொரு காமரோ வகையின் எரிபொருள் பம்பும், டேங்க்குக்குள் கூடுதல் உறிஞ்சு முனைகளும். டேங்க் பாதியாக இருக்கும்போது நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு ஓரமாக ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், வளைவு முடியும் இடத்தில் இன்ஜின் இருமும். இதை அனுபவம் உள்ளவர்கள் மட்டும்தான் கேட்பார்கள், உன் பட்டியலில் கட்டாயம் சேர்.

வீலைப் பற்றி ஒரு வார்த்தை. 18 அங்குலம் வேண்டும் என்கிறாய், நானும் அதே கட்சி. ஆனால் எஸ்எஸ்-இன் முன் டிஸ்க் 355 மில்லிமீட்டர். 18 அங்குலம் என்றால் 457. சுற்றிலும் 51 மில்லிமீட்டர்தான் மிச்சம், அதற்குள் ரிம்மின் தடிமனும் காலிபரும் அடங்க வேண்டும். வடிவமைக்கும்போதே மனதில் வைத்தால்தான் நடக்கும். ஸ்டெப்னிக்கு இடமும் அப்படித்தான், டயர் பக்கவாட்டில் கிழிந்தால் காற்றடிக்கும் டப்பாவால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஜன்னலின் கீழ் விளிம்பைத் தாழ்த்துவதும் டிக்கியின் வாயை அகலமாக்குவதும் வண்டியைக் கட்டிய பிறகு முடியாத காரியம். 2010-இல் அதிகம் குறை சொன்னது இந்த இரண்டையும்தான்.

பழைய வண்டியிலிருந்து எல்லாவற்றையும் கேட்காதே. மறையும் ஹெட்லைட் 1968, 69-இல் வேக்குவத்தில் இயங்கியது. ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் ஒரு கண் திறந்து ஒரு கண் மூடி நிற்கும். 1967-இன் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் வேகமாகக் கிளம்பும்போது முறுக்கிக்கொண்டு, பிடி நழுவியதும் திரும்பி அடித்து, அச்சையே குதிக்க வைத்தது. 1968-ல் ஒரு ஷாக்கை அச்சுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் வைத்துத்தான் அதை அடக்கினார்கள்.

பழைய காலத்திலிருந்து கேட்க வேண்டியது ஆர்டர் படிவம். 1969-ல் சிஓபிஓ 9560 என்ற சிறப்பு ஆர்டர் எண்ணை எழுதினால் 427 கன அங்குல அலுமினிய இன்ஜின் வரும். அதற்கு மட்டும் 4,160 டாலர், 69 வண்டிகள்தான் செய்தார்கள். 1989 வாக்கில்கூட ஜி92 என்ற தேர்வுக் குறியீட்டை எழுதி ஏசி வேண்டாம் என்று குறித்தால் 1எல்இ தானாகச் சேர்ந்து வந்தது. இப்போது சன்ரூஃப் வேண்டுமானால் சூடேறும் சீட்டையும் சேர்த்து வாங்கு என்று தொகுப்பாகக் கட்டித் தருகிறார்கள். வேண்டாததை நீக்கும் உரிமை, அதுதான் என் பட்டியலில் முதல் வரி.

பின் சீட்டை எடுத்துவிடும் தேர்வு பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே? அடுத்த கடிதத்தில் மாற்றிய பட்டியலோடு அதையும் எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்