பாதையை வளைத்தவர்களுக்கு நன்றி

வால்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கும் அக்காக்களுக்கும், காவலுக்கு இருக்கும் அண்ணனுக்கும், எனக்குச் சோறு போட்ட லயத்து வீட்டு அம்மாவுக்கும் வணக்கம்.

மலபார் குழிவிரியன் பற்றிய என் முதுகலை ஆய்வேடு ஒருவழியாகப் போன வாரம் முடிந்தது. அதன் முதல் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறேன். அது ஆங்கிலத்தில் கிடக்கிறது, உங்களிடம் வந்து சேராது. அதனால்தான் இந்த மடல்.

ஜூலை மழையில், இடுப்பு உயரக் கிளையில் காய்ந்த இலை நிறத்தில் சுருண்டு கிடந்ததை முதலில் கண்டவர்கள் அக்காக்கள். அடித்துப் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்களோ நடைபாதையைப் பத்தடி தள்ளி வளைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினீர்கள். 11 நாள் அது அந்தக் கிளையை விட்டு இறங்கவில்லை. இந்தப் பாம்பின் பிழைப்பே அப்படித்தான்: இரை தேடி அலையாது, இரை வரும் வழியில் காத்துக் கிடக்கும். நீங்கள் வைத்த ‘சோம்பேறி’ என்ற பெயர்தான் என் குறிப்பேட்டிலும். ஆறாம் நாள் இரவு அது தவளையைப் பிடித்தபோது நான் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பார்த்தது காவல் அண்ணன். ஆய்வேட்டில் அந்தப் பத்தி முழுக்க அவர் சொன்னதுதான்.

கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே உள்ள குழி சூட்டை உணரும் என்று நான் பெருமையாக விளக்கியபோது, “தவளைக்கு ஏது சூடு?” என்று ஓர் அக்கா கேட்டார். திருதிருவென்று விழித்தேன். அப்புறம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். குழிக்கு வேண்டியது சூடல்ல, வித்தியாசம். சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த உடம்பும் அதற்குத் தனியாகத் தெரியும்.

பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று நீங்கள் காட்டியவை வேறு வேறு பாம்புகள் அல்ல, எல்லாம் ஒரே இனம். ஜெர்டான் என்ற மதராஸ் ராணுவ மருத்துவர் 1854-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அம்மா, நீங்கள் சொன்னது சரி, அது முட்டையிடுவதில்லை, குட்டிதான் போடுகிறது. அன்று உங்களோடு வாதாடியதற்கு மன்னியுங்கள்.

வேலை தொடங்குமுன் ஒரு மருத்துவர் என்னை உட்காரவைத்துப் பேசினார். நம்மூர் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிராகச் செய்வது. குழிவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை. கடித்தால் உயிர் போவது அரிது, ஆனால் வலியும் வீக்கமும் படுத்திவிடும். “படத்துக்காகக் கிட்டே போகாதே, நீளக் குச்சியோடு நில்” என்றார். நின்றேன், ஐயா. அதனால்தான் என் படங்கள் எல்லாம் கொஞ்சம் மங்கல்.

அவற்றில் தேறியதைப் பெரிதாக அச்சடித்து அனுப்புகிறேன். ஜூனில் மழை பிடித்ததும் வருவேன். அதுவரை அந்த வளைந்த பாதையை நேராக்கிவிடாதீர்கள்.