ரைமன் அரங்கத்தில் நீ கேட்ட கேள்வி

அன்புள்ள அம்முவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரையைத்தான் தினமும் நான் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அதற்குப் பதில் சொல்லப்போய், சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் அமெரிக்காவில் நாஷ்வில்லுக்கு வந்திருந்தபோது என்னை ரைமன் அரங்கத்துக்குக் கூட்டிப்போனாயே, ஞாபகம் இருக்கிறதா? 1892இல் ஜெபக்கூடமாகக் கட்டிய கட்டடம், இன்னும் அதே நீள மரப் பெஞ்சுகள்தான் என்று சொன்னாய். நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னாலதானே பாட்டை விட்டே? வருத்தமா இருக்காம்மா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல், வா காபி குடிப்போம் என்று எழுந்துவிட்டேன். திரும்பும் வழியில் காரில் நீ ஒரு பாட்டுப் போட்டாய். "இந்த மேடையில பாடினவங்கதான். அப்புறம் ஸ்கூல் பஸ் ஓட்டினாங்களாம்" என்றாய்.

அந்தக் குரல் என்னை விடவே இல்லை. ஊருக்கு வந்தபிறகு, அந்தப் பாட்டைப் பாடிய லிண்டா மார்ட்டெல்லைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அவர் பாட்டு எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. உனக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதற்குள்ளேதான் கிடைத்தது.

1941இல் சவுத் கரோலினாவில் லீஸ்வில் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா விளைச்சலில் பங்குக்கு அடுத்தவர் நிலத்தை உழுதவர், சர்ச்சில் பிரசங்கமும் செய்வார். பெற்றோர் வைத்த பெயர் தெல்மா. சர்ச்சில் பாட ஆரம்பித்து, பிறகு உடன்பிறந்தவளோடும் ஒரு உறவுக்காரப் பெண்ணோடும் சேர்ந்து குழுவாகப் பாடிக்கொண்டிருந்தபோது, உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் ஒருவர், உன்னைப் பார்த்தால் லிண்டா மாதிரி இருக்கிறது என்று சொல்லி வேறு பெயர் வைத்துவிட்டார். அதைப் படித்ததும் எனக்கு அம்பாசமுத்திரம் அச்சாபீஸ்தான் கண்ணில் வந்தது. குலசாமி பேரை வைத்துக்கொண்டு ஆர்கெஸ்ட்ராவில் எப்படிப் பாடுவது என்று, குழு நடத்தியவர் என்னைக் கேட்காமலே நோட்டீஸில் வேறு பெயர் அடித்துவிட்டார். ஈரம் காயாத ரோஸ் நிறத் தாள். அதில் என் பெயரை நானே தேடினேன். ஆச்சி அந்த நோட்டீஸைக் கடைசிவரை கையில் வாங்கவே இல்லை.

லிண்டா பாடிவந்தது ஆர் அண்ட் பி, கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை. சார்ல்ஸ்டன் விமானப்படைத் தளத்தில் அவர் பாடியதைக் கேட்ட ஒருவர் நாஷ்வில்லுக்கு அழைத்துப்போனார். அங்கே ஷெல்பி சிங்கிள்டன் என்கிற தயாரிப்பாளர், நீ கண்ட்ரி பாடு என்று சொல்லி 1969இல் ஒப்பந்தம் போட்டார். கண்ட்ரி என்றால் அங்கத்து நாட்டுப்புறத்திலிருந்து வந்த பாட்டு. அந்தக் கம்பெனியின் பெயரைப் பார்: பிளாண்டேஷன் ரெக்கார்ட்ஸ். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த தோட்டத்துக்கும் அங்கே அதுதான் பெயர். அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்று சிங்கிள்டனின் முகத்துக்கு நேரே சொன்னதாகவும், அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் லிண்டா பிற்காலத்துப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அடிமைத்தனமும் எஸ்டேட் வேலையும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மாஞ்சோலையில் விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, போய் நின்ற ஆச்சியின் வயிற்றில் பிறந்தவள் நான். தோட்டம் என்கிற சொல் எல்லோர் காதிலும் பூந்தோட்டமாக விழுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயர் ஒட்டிய இசைத்தட்டில்தான் தன் குரலைத் தர வேண்டியிருந்தது அந்தப் பெண்ணுக்கு.

ஒட்டிய பெயர் எதுவானாலும், பாட்டு என்ன பாட்டு! 'கலர் ஹிம் ஃபாதர்'. அதே வருஷம் வின்ஸ்டன்ஸ் என்கிற குழு சோல் என்கிற கறுப்பின இசை வகையில் பாடிய பாட்டு, இவர் அதைக் கண்ட்ரியாக மாற்றிப் பாடினார். நீ காரில் போட்டது இதைத்தான். அன்றைக்கு உனக்கு அர்த்தம் சொல்ல நேரமில்லை, எனக்கும் பாதிதான் புரிந்தது. பெற்ற அப்பா போரில் செத்துப்போகிறார். ஏழு பிள்ளைகளோடு நிற்கிற அம்மாவைக் கட்டிக்கொண்டு, தினமும் வேலைக்குப் போய்வந்து அத்தனை பேரையும் வளர்க்கிற ஒரு மனிதரைப் பற்றி, அந்த வீட்டுப் பிள்ளை பாடுகிற பாட்டு. காதல் இல்லை, வீரம் இல்லை. காலையில் போய் சாயங்காலம் வருகிற ஒரு மனிதர், அவ்வளவுதான்.

அம்மு, எங்க அப்பா எஸ்டேட்டில் காய்ச்சலில் போனபோது எனக்கு ஆறு வயசு. எங்களை மலையிலிருந்து இறக்கிக் கல்லிடைக்குறிச்சியில் வைத்து வளர்த்தது சித்தப்பாதான், உன் சின்னத் தாத்தா. தனக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொள்ளவில்லை. நான் பாடப் போகிறேன் என்றபோது ஊரே பேசியது. அவர் ஒன்றும் பேசவில்லை, சைக்கிளுக்குக் காற்றடித்தார். கோயில் கொடை எங்கே நடந்தாலும் கேரியரில் என்னை உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போவார். ராத்திரி இரண்டு மணிக்குக் கச்சேரி முடியும்வரை ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார். அந்தப் பாட்டில் லிண்டா குரலை உயர்த்துவதே இல்லை, கவனித்தாயா? நன்றியை யாராவது உரக்கச் சொல்வார்களா? அடங்கி, கொஞ்சம் நடுங்கி, 'ஃபாதர்' என்கிற சொல்லில் மட்டும் இறங்கி நிற்கிறார். பத்து வருஷம் மேடையில் பாடியவள் சொல்கிறேன், அப்படிப் பாட யாரும் சொல்லித்தர முடியாது.

பில்போர்டு பத்திரிகையின் கண்ட்ரி பாட்டு வரிசையில் அது 22ஆம் இடம் வரை போனது. அந்த ஆகஸ்டிலேயே கிராண்ட் ஓல் ஆப்ரி என்கிற, வானொலியில் ஒலிபரப்பாகும் பேர்பெற்ற கண்ட்ரி மேடை நிகழ்ச்சியில் பாடினார். அந்த மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். ஆப்ரி அப்போது ரைமனில்தான் நடந்தது, நாம் உட்கார்ந்திருந்த அதே இடம். ஏசி கிடையாது, ஆகஸ்டு வெயிலில் ஜனங்கள் விசிறிக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். பாடகிகளுக்கு உடை மாற்ற ஒழுங்கான அறைகூட இல்லாமல் பெண்கள் கழிப்பறையில்தான் மாற்றிக்கொள்வார்களாம். நாங்கள் பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளைச் சாத்திவைத்து, ஆளுக்கு ஆள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மாற்றியது ஞாபகம் வந்தது. அந்த மேடையில் அதற்கப்புறமும் பத்துத் தடவைக்கு மேல் பாடியிருக்கிறார்.

வெளியூர்க் கச்சேரிகளில்தான் சோதனை. வானொலியில் குரல் கேட்டுக் கூப்பிட்டவர்கள் ஆளைப் பார்த்ததும் முகம் மாறுவார்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்திலிருந்து இனத்தைச் சொல்லி வசவு வரும். அவர் பாட்டை நிறுத்தாமல் பாடியிருக்கிறார். எங்களுக்கும் கீழேயிருந்து சத்தம் வரும். ஆனால் அது குடித்தவன் போடும் சத்தம், கமிட்டிக்காரர்கள் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவருக்கு அப்படி இழுத்துப்போக யார் வந்திருப்பார்கள்?

1970இல் 'கலர் மீ கண்ட்ரி' ஆல்பம் வந்தது. 11 பாட்டு, 12 மணி நேரத்தில் பதிவு செய்து முடித்தார்கள். அதில் 'பேட் கேஸ் ஆஃப் த ப்ளூஸ்' என்று ஒன்று. தொண்டையை உடைத்து உடைத்து மேலே ஏறும் யோடல் அதில் வருகிறது. அதை மட்டும் தனியாகக் கேள். அதோடு சரி. கம்பெனியின் கவனம் வேறு பாடகியின் பக்கம் போனது. இவர் வேறு இடத்தில் பாடப் போனபோது, பழைய தயாரிப்பாளர் வழக்குப் போடுவேன் என்று மிரட்டியதில் நாஷ்வில் கதவுகள் சாத்திக்கொண்டன என்று சொல்கிறார். இரண்டாவது ஆல்பம் வரவே இல்லை. கலிஃபோர்னியாவில் கொஞ்ச நாள், நியூயார்க்கில் இசைத்தட்டுக் கடை, பிறகு சொந்த ஊர். அங்கேதான் பள்ளிப் பேருந்து ஓட்டினார், படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்தார்.

எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பேருந்தைச் சரிவு மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டு வாசலில் இறக்கிவிடுவது நல்ல வேலை. நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை, கேட்க வேண்டிய நமக்கும்தான். இன்னும் பத்து ஆல்பம் வந்திருக்கும், வராமல் போய்விட்டது.

2014இல் அவரைத் தேடி வந்து பேட்டி எடுத்தது ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஒருவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சி. 2021இல் சிஎம்டி என்கிற கண்ட்ரி இசைத் தொலைக்காட்சியில் விருது கொடுத்தார்கள். 2024இல் பியான்சே தன் 'கௌபாய் கார்ட்டர்' ஆல்பத்தில் 'ஸ்பகெட்டி' என்கிற பாட்டில் அவரைப் பேசவைத்தார். இசையில் வகை பிரிப்பதைப் பற்றித்தான் அதில் பேசுகிறார். அந்தப் பாட்டு கிராமி பரிந்துரைக்குப் போனபோது அவருக்கு 83 வயசு. அடுத்த பிப்ரவரியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வாங்கிக்கொண்டு, பியான்சே அதை மார்ட்டெல் அம்மாவுக்குச் சமர்ப்பித்தார். நீ அந்த வீடியோவை அனுப்பியபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். லிண்டாவைப் பாடவிடாமல் செய்தார்கள். நான் நானாக நிறுத்தினேன். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே அம்மு. நீ வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்போதுகூட ஒரு கொடையில் பாடினேன். ராத்திரி விழிப்பும் ஜெனரேட்டர் புகையும் போதும் என்று அந்தக் காலையில் தோன்றியது. சின்னத் தாத்தாவுக்கு அப்போதே மூச்சு இளைக்க ஆரம்பித்திருந்தது, அவரை இன்னும் மிதிக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. நீ காரணமே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக இதை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போதே சொல்லாமல் எழுந்து போனது என் தப்பு.

வருத்தம் ஒன்று உண்டு. லிண்டாவுக்கு ஒரே ஒரு ஆல்பமாவது இருந்தது. ஐம்பது வருஷம் கழித்தும் எடுத்துக் கேட்க முடிந்தது. நான் பாடியதில் மிஞ்சியது ஒரே கேசட். மைக் செட்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் டேப்ரெக்கார்டரை வைத்துப் பிடித்தது. பீரோவில் பழைய பட்டுச் சேலைக்கு அடியில் கிடந்ததை எடுத்தேன், நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கிறது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு கடையில் துடைத்து, பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன் என்றார்கள். கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வந்ததும் அனுப்புகிறேன். சத்தம் தெளிவாக இருக்காது, ஹெட்போன் போட்டுக் கேள். இரண்டாவது பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்தபிறகு, மைக்குக்குக் கொஞ்சம் தள்ளி ஒருவர் இருமுவது கேட்கும். அதுதான் சின்னத் தாத்தா.

அன்புடன்,
அம்மா