ஊரைத் தேடி வந்த சாலை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

காவிரி டெல்டா சாலைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் சாலை வந்தபிறகுதான் அதை ஒட்டி ஊர்கள் வளர்ந்தன என்று சொல்லியிருப்பது தஞ்சைப் பக்கத்துக்குப் பொருந்தாது. மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் இந்திய நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட பழைய டோப்போஷீட்டுகளில், அதாவது நில அமைப்பு வரைபடங்களில், நம் பகுதியைக் காட்டும் 58 எம், 58 என் வரிசைகளைப் பிரித்துப் பாருங்கள்.

உயரம் காட்டும் பழுப்புக் கோடுகளை அவற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏறி நின்று அளக்கக் குன்று இல்லாததால், அந்தக் காலத்தில் இந்தியாவை அளந்த ஆங்கிலேய அதிகாரி லாம்டன் கோயில் கோபுரங்களைப் பயன்படுத்தினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய பெரிய தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி சுவரில் மோதி நசுங்கியது தனிக்கதை. இப்படிப்பட்ட சமவெளியில் மேடு என்றால் ஆறே வண்டல் போட்டு உயர்த்திய கரைதான். வெள்ளத்துக்குப் பயந்து வீடும் அங்கே, வண்டித்தடமும் அங்கே. குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என எதைத் தொட்டாலும் கரையோடு படத்தில் சிவப்பாக ஊர்கள் கிழக்கே வரிசை கட்டிப் போகின்றன. இடையிலுள்ள பள்ளமெல்லாம் மஞ்சள், அதாவது வயல்.

கிழக்கு மேற்காகப் போவது சுலபம். தெற்கு வடக்காகப் போவதற்குள் எத்தனை ஆறு, எத்தனை வாய்க்கால்! ரயிலுக்கும் அதே பாடுதான். நாகப்பட்டினம் – தஞ்சாவூர் பாதை 1861இலேயே வந்துவிட்டது. ஆறுகளைக் குறுக்கே தாண்டும் மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) – முத்துப்பேட்டை பாதைக்கு 1894 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம், மறைந்துபோன பாதைகள். மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் 1926இல் ஓடத் தொடங்கி 1986இல் நின்றுபோனது. அதற்கு முன் அச்சான ஷீட்டில் செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று அந்தத் தடம் முழுசாக இருக்கிறது. செல்போன் மேப்பை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த ஊர்களுக்கு ரயில் இருந்ததே தெரியாது.

இந்தப் பழைய வரைபடங்கள் கிடைக்காத பொருளும் அல்ல. 1950களில் அமெரிக்க ராணுவம் நம் சர்வே வரைபடங்களை வைத்துத் தயாரித்த, இவற்றைவிடச் சுமார் நான்கு மடங்கு சிறிய அளவுப் படங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. எங்கள் ஊர் நூலகத்தில் கேட்டால் அட்லஸை எடுத்து நீட்டுகிறார்கள்!

கட்டுரைக்கு இரண்டாம் பகுதி வருமானால், கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட ஒரு துண்டையாவது பக்கத்தில் அச்சிடுங்கள். எழுத்து பொடியாக இருந்தாலும் பரவாயில்லை, பூதக்கண்ணாடி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கும்பகோணம்