பாதி ஆற்றல் வேறு, பாதி வேகம் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹிக்ஸ் துகள் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் ஒரு வரி உறுத்தியது: தொடக்க ஆண்டுகளில், புரோட்டான்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதவைக்கும் பெரிய ஹாட்ரான் மோதுவி என்ற இயந்திரத்தை 'பயந்து பயந்து பாதி வேகத்தில் ஓட்டினார்கள்' என்று இருந்தது.

முதலில் வேகம். 2010, 2011 ஆண்டுகளில் ஒவ்வொரு புரோட்டான் கற்றையிலும் ஒரு புரோட்டானின் ஆற்றல் 3.5 டெரா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). வடிவமைப்பின்படி 7. ஆற்றல் பாதி, சரி. ஆனால் 3.5-லேயே புரோட்டான் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கும் 7-க்கும் உள்ள வேக வித்தியாசம் நொடிக்குச் சுமார் 8 மீட்டர்தான். சைக்கிளை அழுத்தி மிதித்தால் நாமே அந்த வேகத்தில் போகலாம்!

அப்புறம் அந்தப் 'பயம்'. 2008 செப்டம்பர் 10 அன்று முதல் கற்றை சுற்றி வந்தது. ஒன்பதே நாளில், கற்றை இல்லாமல், அதை வளைத்துச் செலுத்தும் காந்தங்களில் மின்சாரத்தை ஏற்றிப் பார்த்தபோது, இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஓர் இணைப்பு எரிந்துபோனது. மீக்கடத்திக் கம்பிகளை (கடுங்குளிரில் மின்தடையே இல்லாதவை) ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பற்றாசால் ஒட்டிய இடம் அது. ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை. மின்தடை சுமார் 200 நானோ ஓம்தான். 8,700 ஆம்பியர் பாயும்போது அதில் பிறக்கும் சூடு 15 வாட், ஒரு சின்ன பல்பு அளவு. மைனஸ் 271 டிகிரியில் அதுவே தாங்காது. தீப்பொறி, காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் இருந்த கலத்தைத் துளைக்க, பீறிட்ட வாயுவின் அழுத்தத்தில் டன் கணக்கில் எடையுள்ள காந்தங்கள் இடம் பெயர்ந்தன. 53 காந்தங்களை நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. மீண்டும் கற்றை ஓட 14 மாதம் பிடித்தது.

அதே மாதிரி இணைப்புகள் சுரங்கம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல். எல்லாவற்றையும் பிரித்துப் பலப்படுத்தினால் ஆண்டுக்கணக்கில் இயந்திரம் சும்மா கிடக்கும். கற்றையின் ஆற்றல் கூடக் கூடக் காந்தங்களில் மின்னோட்டமும் கூட வேண்டும். அதனால், மோசமான இணைப்பு இருந்தாலும் உருகாத அளவுக்கு மின்னோட்டத்தைக் கணக்கிட்டு 3.5 என்று நிறுத்திக்கொண்டார்கள். ஆற்றலில் விட்டதை மோதல்களின் எண்ணிக்கையில் பிடித்தார்கள். ஒன்றிரண்டு புரோட்டான் கொத்துகளோடு தொடங்கியவர்கள் 2011-ல் கற்றைக்கு 1,380 கொத்துகள்வரை ஏற்றினார்கள். 2012-ல் ஆற்றலை 4 ஆக்கினார்கள். அந்த ஜூலை 4 அன்றுதான் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்த அறிவிப்பு. இணைப்புகளைப் பலப்படுத்த இயந்திரத்தை நிறுத்தியதே அதற்குப் பிறகு, 2013-ல்தான்.

இதைப் பயம் என்று எழுத எனக்கு மனம் வராது. அது உங்கள் கட்டுரையாளரின் கருத்து என்றே வைத்துக்கொள்வோம். 'பாதி வேகம்' மட்டும் தகவல் பிழை. அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்